நாலு வேட்டி அகலத்தில் ஸ்பெயின்

ஸ்பெயின் தேசத்தின் பழைய நகரங்களை நான் ஒரே மாலையில் பார்த்து முடித்தேன். பினாங்கை விட்டு நகரவில்லை. என்னோடு ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் சிலர் இன்றைக்கும் பேச்சுவாக்கில் "நாங்க டொலேடோ போயிருந்தப்ப" என்று ஆரம்பிப்பதுண்டு. கேட்பவர்கள் யாரும் சிரிப்பதில்லை. அவர்களும் போயிருந்தார்கள்.

அப்போது நான் பினாங்குத் தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கான்வென்ட்டில் படிப்பு முடிந்த கையோடு சேர்ந்து, இருட்டறை வேலை அத்தனையும் கற்றுக்கொண்டிருந்தேன். மருந்து கலப்பேன். பிளேட் கழுவுவேன். நெகட்டிவில் பென்சிலைத் தீட்டி அம்மைத் தழும்பை மறைப்பேன், அசல் ஆளிடம் இல்லாத முகவாய்க்கட்டையைக் கொஞ்சம் கொடுப்பேன். அச்செடுத்த படத்துக்கு வண்ணம் பூசுவேன். தெரிந்தும் செய்ய விடாத வேலை ஒன்றே ஒன்றுதான்: காமிராவுக்குப் பின்னால் நின்று படம் எடுப்பது.

அந்த வேலையை நான் கேட்டது என் ஆசைக்காக மட்டும் அல்ல. எங்கள் ஸ்டுடியோவுக்குப் பெண்கள் வருவதே அரிது. வருகிறவர்களும், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஓர் ஆண்பிள்ளை தங்களையே பார்ப்பதை நினைத்து விறைத்துப்போய், பல்வலிக்காரர்கள் மாதிரி படத்தில் விழுவார்கள். பெண்களை நான் எடுக்கிறேன் என்று முதலாளியிடம் பலமுறை கேட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் "பாப்போம்மா" என்பார். அந்தப் "பாப்போம்" மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்பெயின் வந்து சேர்ந்தது. மணிலாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த வயதான ஸ்பானியச் சாமியார் ஒருவர், கப்பலில் காய்ச்சல் கண்டு பினாங்கில் இறக்கப்பட்டார். எங்கள் பங்குச் சாமியார் வீட்டில் படுத்திருந்த அவரிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் ஸ்பெயினின் கோவில்கள், கோட்டைகள், அரண்மனைகள் எல்லாம் கையளவுக் கண்ணாடிப் படங்களாக அடுக்கியிருந்தன. அவரை ஏற்றிப்போகும் கப்பல் கிளம்புவதற்கு முந்தின மாலை அதைச் சனங்களுக்குக் காட்டலாம் என்று பங்குச் சாமியார் முடிவு செய்தார். அப்படிப்பட்ட படங்களைத் திரையில் பெரிதாக விழவைக்கும் மாஜிக் லாந்தரைப் பங்கில் வைத்திருந்தவர் எங்கள் முதலாளி. அதை ஓட்டுகிறவள் நான். முதலாளிக்கு அந்த விளக்கோடு ஒத்துப்போகாது. போன வாரம்தான் குனிந்து பார்க்கப் போய் மீசையின் ஒரு பக்கத்தைக் கருக்கிக்கொண்டவர்.

பெட்டியை என் கையில் கொடுத்தபோது அவர் சொன்னார்:

"இந்தா பாரும்மா. பெரியவரோட சொத்து இது. இத்தனை கண்ணாடியும் ஒரு கீறல் இல்லாம நாளைக்குக் கப்பல் ஏறுச்சுன்னா, பொம்பளைங்க படம் எடுக்குற வேலை ஒனக்கு. ஒண்ணு ஒடஞ்சாலும் தண்ணித்தொட்டிதான். அதுக்கப்புறம் என்கிட்ட காமிரா பேச்சே எடுக்கக்கூடாது."

"சரி முதலாளி" என்றேன்.

தண்ணித்தொட்டி என்பது பிளேட் கழுவும் இடம். அங்கே நின்றால் நாள் முழுவதும் பார்ப்பதற்கு ஒரு சுவரும் ஒரு குழாயும் கிடைக்கும்.

கண்ணாடிப் படத்துக்கு எதிரி சூடு. லாந்தரின் மின்சார விளக்கு ஒரு சிறிய அடுப்பு மாதிரி. அதன் முன்னால் ஒரு படம் அதிக நேரம் நின்றால் கண்ணாடி விரிந்து வெடிக்கும். பகலிலேயே உதவாத பழைய கண்ணாடி ஒன்றைப் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். நிதானமாக அறுபது எண்ணுவதற்குள் மாற்றிவிட்டால் பயமில்லை. மாற்றுவதும் சுலபம்: இரண்டு படம் செருகும் நீளச் சட்டம் ஒன்று உண்டு. ஒன்று திரையில் தெரியும்போது மற்றது வெளியே காத்திருக்கும். இந்தப் பக்கம் தள்ளினால் இது, அந்தப் பக்கம் தள்ளினால் அது.

படங்களை விளக்கிப் பேச வந்தவர் எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். பெரியவர் ஒவ்வொரு படத்துக்கும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்ததைத் தமிழில் சொல்வது அவர் பொறுப்பு. மாஸ்டரிடம் ஒரு குணம் உண்டு. தெரியாது என்ற சொல்லை அவர் இதுவரை யாரிடமும் செலவழித்ததில்லை. அவரிடம் போய் அறுபது எண்ணும் கணக்கைச் சொன்னேன்.

"அறுபதா? நான் பேச ஆரம்பிச்சேன்னா, முப்பதுலயே சனங்க அடுத்த படத்தைப் போடுன்னு சொல்லிடுவாங்க. நீ பயப்படாத."

நான் பயப்படவில்லை. திரைக்கு நான்கு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்தேன். தரையில் கம்பி யார் காலிலும் படாமல் பாய்க்கு அடியில் ஓட்டினேன். மாற்று விளக்கு, துடைக்கும் துணி, கையுறை, கைவிசிறி, ஒரு குவளைத் தண்ணீர், எல்லாம் வரிசையாக மேசைமேல் இருந்தன. யோசிக்காமல் விட்டது எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன். முதலாளியம்மாவை மட்டும் யோசிக்கவில்லை.

முதலாளியம்மா எங்கள் பங்குப் பெண்களுக்குத் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குரலால் அமைந்த பதவி அது. முன் வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் பங்குப் பெண்கள். பின்னால் ஆண்கள். ஓரத்தில், தண்ணீர் இலாகாவில் வேலை செய்யும் சில இந்துக் குடும்பங்கள். எங்கள் ஸ்டுடியோவுக்கு அடுத்த கடையில் அத்தர் விற்கும் நானாவும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். "வாயாங்குப் படம் சும்மா காட்டுறாங்கன்னா யாரு வரமாட்டா?" என்று யாரும் கேட்காமலே காரணம் சொன்னார்.

முதல் படம், பார்சலோனா துறைமுகம். நான்கு வேட்டியில் மூன்று தையல் என்பதால் ஸ்பெயின் தேசம் முழுவதும் மூன்று கோடுகளோடுதான் வந்தது.

"நம்ம துறைமுகம் மாதிரியே இருக்குல்ல?" என்று ஒரு குரல்.

"நம்மளுது இதைவிட சுத்தம் லா" என்று இன்னொரு குரல். தினமும் அங்கே மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இருமினார்.

இரண்டாவது படம், அதே ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கோவில். கரையான் புற்று மாதிரி உயர்ந்துபோகும் கோபுரங்கள், சுற்றிலும் சாரம். நான் எண்ண ஆரம்பித்தேன். மாஸ்டர் தொண்டையைச் சரிசெய்தார்.

"இந்தக் கோவிலை நாப்பது அம்பது வருசமா கட்டிக்கிட்டே இருக்காங்க."

"காண்ட்ராக்டர் யாரு?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

முதலாளியம்மா கையைத் தூக்கினார். "மாஸ்டர், உள்ள பூசை நடக்குதா?"

மாஸ்டர் தாளைப் பார்த்தார். "கீழ நிலவறைக் கோவில்ல நடக்குதுங்க."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றார். முன் வரிசை முழுவதும் அவரைத் தொடர்ந்து இறங்கியது.

இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் சனங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இதுவரை போகாத ஒரு கோவிலுக்கு முதல்முறை போகும்போது, முழங்காலில் நின்று மாதாவுக்கான பிரியதத்த மந்திரத்தை மூன்று தடவை சொல்லி ஒரு வேண்டுதல் வைத்தால், அது நிச்சயம் கிடைக்கும். முதல்முறைக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. பினாங்கிலும் அக்கரையிலும் உள்ள கோவில்களை எல்லாம் எங்கள் பெண்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். புதுக் கோவில் கிடைப்பது கஷ்டமாக இருந்த காலத்தில், ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கியிருந்தது.

முதல் மந்திரம் முடியும்போது என் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருந்தது. சேர்ந்து சொல்லும் செபம் எப்போதும் மெதுவாகத்தான் போகும். கடைசி ஆள் முடிக்கும்வரை முதல் ஆள் இழுத்துக்கொண்டு நிற்பார். இரண்டாவது மந்திரத்தின் நடுவில் அறுபது ஆனது. சட்டத்தைத் தள்ளினேன். திரையில் ஒரு கடைவீதி வந்தது.

"அடியே பொண்ணு! வேண்டிக்கிட்டு இருக்கோம்ல!" என்று முதலாளியம்மா முழங்காலில் நின்றபடியே திரும்பினார். "எங்கடி போச்சு கோவிலு? மறுபடி போடு!"

"சூடாகுதுங்கம்மா. கண்ணாடி வெடிச்சிடும்."

"நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லணும். பாதியில விட்டா கணக்குல சேராது."

திரும்பப் போட்டேன். அவர்கள் மூன்றையும் முதலிலிருந்து சொன்னார்கள். அதற்கு மேல் ஒவ்வொருவரும் மனசுக்குள் வேண்டுதலை வைக்க வேண்டும். மனசுக்குள் என்று பெயர், முதலாளியம்மாவின் வேண்டுதல் தெரு வரை கேட்டது. அவர் தன் புருசன் குறட்டையை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். மண்டபத்தின் பின்புறம் சுவரோரம் நின்றிருந்த முதலாளி, தனக்கும் அந்தப் பெண்மணிக்கும் அறிமுகமே இல்லாததுபோல் கூரையைப் பார்த்தார்.

"ஏங்கக்கா, கட்டி முடியாத கோவில்ல வேண்டுனா முழுசாக் கிடைக்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பாதி கிடைக்கும்."

"பாதிக் குறட்டையா?"

"பாதி நாளைக்கு நின்னாலும் எனக்குப் போதும் லா."

விளக்குக்கும் படத்துக்கும் நடுவே கைவிசிறியால் வீசிக்கொண்டே நான் பெட்டியைப் பார்த்தேன். அடுத்து பர்கோஸ், பிறகு டொலேடோ. எல்லாம் பெரிய கோவில்கள், எல்லாம் முதல்முறை. என்னால் செய்யக்கூடியவை எவை என்று மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். விளக்கை அணைக்கலாம். அணைத்துப் பார்த்தேன், இருட்டில் நாலு குழந்தைகள் அழுதன, ஒருவர் "திருடன், திருடன்" என்றார். எடுத்துச் சொல்லலாம். சொல்லியாகிவிட்டது. மூன்றாவதாக ஒன்று இருந்தது: யாருமே முழங்காலில் நின்று பார்க்க முடியாத ஒரு படத்தைப் போடுவது.

பெட்டியில் தேடினேன். செவில்யா நகரம் என்று எழுதிய பகுதியில் அது இருந்தது. வட்டமான மைதானம், நடுவில் ஒரு முரட்டுக் காளை, அதன் முன்னால் இறுக்கமான கால்சட்டையில் ஒருவன் துணியை விரித்தபடி நிற்கிறான். அதை எடுத்துச் சட்டத்தின் ஒரு பக்கத்தில் செருகினேன். மறுபக்கத்தில் பர்கோஸ்.

பர்கோஸ் கோவில் வந்தது. முழங்கால்கள் இறங்கின. அறுபது எண்ணி முடித்ததும் சட்டத்தைத் தள்ளினேன். நாலு வேட்டி அகலத்துக்குக் காளை வந்து நின்றது.

"ஐயையோ, மாடு!"

முன் வரிசை மொத்தமும் எழுந்து பெஞ்சில் ஏறிவிட்டது. பின்வரிசை ஆண்கள் கைதட்டினார்கள். மந்திரம் எத்தனையாவதில் நின்றது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

"துணியை ஆட்டிக்கிட்டு நிக்கிறான் பாருண்ணே. கொம்பைப் பிடிக்கத் தெரியலை."

"அவர் பெரிய வீரர்" என்றார் மாஸ்டர்.

"வீரன்னா பின்னால எதுக்குக் கத்தியை மறைச்சு வெச்சிருக்கான்?"

மாஸ்டர் தன் தாளைப் புரட்டினார். பர்கோஸ் பக்கத்தில் காளை இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளக்கைக் காட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் நான் எப்போதும் மதிக்கும் விஷயம், புரிந்த பிறகு அவர் தயங்குவதில்லை.

"இது" என்றார் மாஸ்டர், "பர்கோஸ் நகரத்துக் காளை."

அதிலிருந்து வேலை ஒழுங்குக்கு வந்தது. ஒரு கோவில், மூன்று மந்திரம், அறுபதானதும் காளை. பெண்கள் பெஞ்சில் ஏறும் நேரத்தில் நான் கோவிலை எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகிவிடுவேன். டொலேடோ கோவில் வந்தது, போனது.

"இது டொலேடோ காளை" என்றார் மாஸ்டர். "முன்னதைவிடக் கொஞ்சம் சாது."

"ஆமா, இளைச்ச மாதிரி இருக்கு."

"எனக்கு பர்கோஸ் காளைதான் பிடிச்சிருந்தது. கழுத்தைப் பாத்தியா, என்ன கழுத்து!"

"ஆளு மட்டும் அதே ஆளு மாதிரி இருக்கானே?"

"அவன் ஊர் ஊராப் போறவன்" என்றார் மாஸ்டர்.

நடுவில் செகோவியா நகரத்து நீர்ப்பாலம் வந்தது. கல்லின்மேல் கல்லாக, சுண்ணாம்பே இல்லாமல், ஊரைத் தாண்டி ஓடும் இரண்டடுக்கு வளைவுகள். கோவில் இல்லாததால் பெண்கள் கால்களை நீட்டித் தேய்த்துக்கொண்டார்கள். தண்ணீர் இலாகாக்காரர்கள் மட்டும் எழுந்து நின்றார்கள்.

"மாஸ்டர், இது எந்தக் காலத்துது?"

"ரோமாபுரி காலம். ரெண்டாயிரம் வருசம் ஆகப்போவுது."

"இன்னும் தண்ணி போகுதா?"

"போகுதுன்னு எழுதியிருக்கு."

கேள்வி கேட்ட அண்ணன் வளைவுகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாக, "ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பைப்பைப் போன மாசம்தான் மாத்துனோம். நேத்து ஒழுகுது லா" என்றார். அன்றைக்கு உண்மையாகவே மனம் உருகிப் படம் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது சந்தியாகோ, புனித யாகப்பரின் பெயர் கொண்ட ஊர். மாஸ்டர் அந்த ஊரின் பெயரைச் சொன்னதும் மண்டபமே நிமிர்ந்தது.

"சந்தியாகப்பரா? நம்ம சந்தியாகப்பரா?"

"அவர் கல்லறையே அங்கதான் இருக்கு. சனங்க மாசக்கணக்கா நடந்து வருவாங்களாம்."

"நடந்தா? நம்ம புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்கு ஃபெரி ஏறி, பஸ் ஏறிப் போறதுக்கே இவரு கால் வலிக்குதுங்கிறாரு" என்றார் முதலாளியம்மா, சுவரோரத்தைப் பார்க்காமலே.

கோவிலின் உள்ளே ஒரு தூபக்கலசம். ஆள் உயரத்துக்குப் பக்கம். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் அதை எட்டுப் பேர் சேர்ந்து இழுத்து ஊஞ்சல் மாதிரி ஆட்டுவார்கள் என்று மாஸ்டர் சொன்னார். எங்கள் கோவில்பிள்ளை, மணி அடிப்பது முதல் மெழுகு சுரண்டுவது வரை எல்லாவற்றையும் தனியாகச் செய்கிறவர், இருக்கையை விட்டு எழுந்தார்.

"எட்டுப் பேரா? ஒரு கலசத்துக்கா?"

"எட்டுப் பேர்."

"சாமி, கேட்டீங்களா?" என்று அவர் பங்குச் சாமியாரைப் பார்த்துச் சொன்னார். "நான் எட்டுக் கேக்கலை. எனக்கு ஒண்ணு குடுங்க." சொல்லிவிட்டு அங்கேயே முழங்காலில் நின்று அதையே வேண்டுதலாகவும் வைத்தார். சாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்தியாகோ காளை வந்து போனது. அது எல்லாவற்றிலும் பக்தியுள்ள காளை என்றார் மாஸ்டர்.

சட்டத்தை ஒவ்வொரு முறை தள்ளும்போதும் நான் காளைக் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கோவில்கள் ஒரு தடவை சூடாகிப் பெட்டிக்குள் போய் ஆறிவிட்டன. காளை மட்டும் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அது ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் இருப்பது கொஞ்சம்தான் என்று கணக்குப் போட்டேன். அடுத்த படம் கொர்தோபா.

காடு மாதிரி தூண்கள். அவற்றுக்கு மேலே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வளைவுகள், குதிரை லாடம் போல. முதலாளியம்மா முழங்காலை மடக்க ஆரம்பித்திருந்தார். அப்போது ஓரத்திலிருந்து நானாவின் குரல் வந்தது.

"யா அல்லா! இது பள்ளிவாசல்ல!"

மாஸ்டர் தாளைப் படித்தார். "ஆரம்பத்துல பள்ளிவாசலாத்தான் இருந்திருக்கு. பிறகு நடுவுல கோவில் கட்டியிருக்காங்க. இப்ப மேற்றிராணியார், அதான் பிஷப், இருக்கிற கோவில்."

முதலாளியம்மா பாதி மடங்கிய நிலையில் நின்றார். "மாஸ்டர், சட்டுன்னு சொல்லுங்க. முட்டி போடலாமா, கூடாதா? கால் வலிக்குது."

"முன்னால வந்தது நாங்க" என்றார் நானா.

"இப்ப இருக்கிறது நாங்க, நானா."

"தூணெல்லாம் யாரு போட்டது?"

"சரி, தூண் நீங்க போட்டதுதான். நான் தூணுக்கா முட்டி போடப் போறேன்? நடுவுல இருக்கிற பீடத்துக்குப் போடுறேன்."

"பீடம் படத்துல எங்க தெரியுது? காட்டுங்க பாப்போம்."

நான் அறுபதைத் தாண்டி எண்ணுவதை நிறுத்திவிட்டேன். படத்தின் ஓரத்தை ஒட்டிய பிசின் வேகும் வாடை மெல்ல வந்தது. அவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவரவர் அவரவர் முறைப்படி ஒரே நேரத்தில் கேட்டுக்கொள்வது, யாருக்குக் கிடைக்கிறது என்று பிறகு பார்ப்பது. நானா கைகளை ஏந்தினார். முதலாளியம்மா முழங்காலில் நின்றார். இரண்டு தரப்பும் அழகாக, நிதானமாக, அவசரமே இல்லாமல் ஆரம்பித்தன.

வேறு வழியில்லை. சட்டத்தைத் தள்ளினேன்.

"பள்ளிவாசலுக்குள்ள மாட்டை விட்டது யாரு?" என்று நானா எழுந்தார்.

"கோவிலுக்குள்ள மாட்டை விட்டது யாருடி?" என்று முதலாளியம்மாவும் எழுந்தார்.

அதுவரை இரண்டாக இருந்த கட்சி அந்த நொடியில் ஒன்றானது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். மாஸ்டர், "இது கொர்தோபா காளை" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் என்ன சொல்வது என்று முதல்முறையாக நின்றார்.

அப்போது லாந்தருக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. ஓட்டின்மேல் புளியங்கொட்டை விழுந்த மாதிரி, அவ்வளவுதான். திரையில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. காளை ஒரு பக்கம், துணி பிடித்தவன் மறுபக்கம்.

"மாடு தப்பிச்சிடுச்சு!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பெஞ்சுமேல் நின்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். "அவன் இனிமே அந்தப் பக்கம் வரமுடியாது லா!" என்று யாரோ கத்தினார்கள். நானாவும் கைதட்டினார். நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரத்தில் முதலாளியும் கைதட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தைச் சரியாகவே ஓட்டினேன். கிரானாடா அரண்மனையில் கல் சிங்கங்கள் வட்டமாக நின்று நீரூற்றைத் தாங்கின. பூனை மாதிரி இருக்கின்றன என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். செவில்யா கோவிலுக்கு முழு மூன்று மந்திரமும் சொல்ல விட்டேன், விசிறிக்கொண்டே. காளை இல்லாததால் மாஸ்டர்தான் பெரிய தும்மல் ஒன்றைப் போட்டு எழுப்பினார்.

எல்லோரும் போன பிறகு, உடைந்த இரண்டு துண்டையும் துணியில் வைத்து முதலாளியிடம் கொண்டுபோனேன்.

"ஒண்ணு ஒடஞ்சிடுச்சு முதலாளி. காளைப் படம். மாத்தி மாத்திச் சூடு பட்டதால."

"பாத்தேன்."

"மத்ததெல்லாம் சரியா இருக்கு."

"நான் மத்ததைக் கேட்கலையேம்மா." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சொன்னது சொன்னதுதான்."

மறுநாள் காலையில் நானும் அவரும் பெட்டியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனோம். பெரியவர் கப்பலின் மேல்தளத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தார், கழுத்துவரை போர்வை. நான் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். துண்டுகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காளையை ஒரு கையிலும் ஆளை ஒரு கையிலுமாக வைத்துக்கொண்டு, எப்படி இந்தப் படம் மட்டும் இத்தனை தடவை போட வேண்டியதாயிற்று என்று கேட்டார். முதல்முறை போகும் கோவிலைப் பற்றியும் மூன்று மந்திரத்தைப் பற்றியும் விளக்க வேண்டி வந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்து, இருமி, மறுபடி சிரித்தார். தனக்கு இருபது வயதாகும்போது கப்பலேறியது, சந்தியாகோவையோ கிரானாடாவையோ தான் பார்த்ததே இல்லை, இந்தப் படங்களை ஊரிலிருந்து அனுப்பிவைத்தார்கள் என்றார். உங்கள் சனங்கள் என்னைவிட அதிகமாக ஸ்பெயினைப் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் எனக்கும் ஏதாவது வேண்டிக்கொண்டார்களா என்று கேட்டார். குறட்டைக்கும் கோவில்பிள்ளைக்கும் வேண்டினார்கள் என்று சொன்னேன். இறங்கிப்போகும் முதல் ஊரில் தானே முழங்காலில் நின்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். துண்டுகளைப் பத்திரமாகக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். பெரியவர் சிரித்தது அவர் கணக்கில் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டுடியோவுக்குத் திரும்பி நேராகத் தண்ணித்தொட்டிக்குப் போனேன். அழவில்லை. ஊறிக்கொண்டிருந்த பிளேட்டுகளை வரிசையாகக் கழுவி, வரிசையாக அடுக்கினேன். குழாயையும் சுவரையும் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

பத்து மணி வாக்கில் வாசலில் பேச்சுக் குரல். எங்கள் சனங்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பெரிய திருத்தலத்துக்குப் போய்வந்தால், போய்வந்ததற்கு அடையாளமாக ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். முன் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். முதலாளியம்மா எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

"சந்தியாகப்பர் கோவிலுக்குப் போய்ட்டு வந்திருக்கோம். படம் எடுக்கணும்" என்றார்.

முதலாளி மகிழ்ச்சியோடு கறுப்புத் துணியை எடுத்தார்.

"நீங்க வேணாம்" என்றார் முதலாளியம்மா. "உள்ள தலையை விட்டீங்கன்னா வெளிய வரவே மாட்டீங்க. அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயி, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாமத் திருப்பிக் கொண்டாந்து விட்டவ அவதான்."

"அவ கண்ணாடியை ஒடைச்சவ" என்றார் முதலாளி. "நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேன்."

"ஒடஞ்சது மாடுதானே? ஒரு கோவிலாச்சும் ஒடஞ்சுதா?"

"வார்த்தைன்னா வார்த்தைதான்."

"அப்ப நீங்க வார்த்தையைப் படம் எடுத்து மாட்டி வைங்க. நாங்க சீனன் ஸ்டுடியோவுக்குப் போறோம்."

முதலாளி வாசலைப் பார்த்தார். வெளியே ஒரு மூடிய ரிக்‌ஷா வந்து நின்றது. திரையை விலக்கிக்கொண்டு நானாவின் மனைவியும் இரண்டு பெண்களும் இறங்கினார்கள். அவர்கள் தெருவில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. பொம்பளைப் பிள்ளை எடுத்தால் மட்டும் உட்காரும்படி நானா சொல்லியிருக்கிறார் என்றும், பின்னால் அந்தச் சிவப்பு வெள்ளை வளைவு வேண்டும் என்றும் அந்த அம்மா சொன்னார். எங்களிடம் இருந்த ஒரே திரையில் இங்கிலீஷ் தோட்டமும் அன்னமும்தான் இருந்தன.

"நெகட்டிவ்ல பின்னால தீட்டிக் குடுத்துடலாம்" என்று தண்ணித்தொட்டியிலிருந்து சொன்னேன். "கோவிலும் வரும். வளைவும் வரும்."

முதலாளி கருகாத பக்கத்து மீசையைத் தடவினார். பிறகு கறுப்புத் துணியை மடித்து, காமிராவின் மேல் வைத்துவிட்டு விலகினார்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். துணிக்குள் தலையை விட்டேன். காமிராவின் பின்புறத்துப் பாலாடைக் கண்ணாடியில் முதலாளியம்மாவும் மற்றவர்களும் தலைகீழாக, வண்ணத்தோடு, சளசளவென்று பேசிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் விறைப்பாக இல்லை. கூர்மை சரியாக இருந்தது. இடது பக்கம் மட்டும் ஒரு நிழல் விழுந்தது.

"முதலாளி, ஜன்னலை மறைக்கிறீங்க" என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்.